கல்வளைவைப் பார்க்கப் போன கோடை

அந்த வருடம் இலங்கையில், எங்கள் ஊர்ப் பக்கம், போர் முடிந்துகொண்டிருந்தது. அதே மாதங்களில், டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சின்ன நகரத்தில் இருந்த எங்கள் வீட்டில், பதினான்கு வயது மகள் அமெரிக்கப் பாலைவனத்துக் கல்வளைவு ஒன்றைப் பார்க்கப் போவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் அதை முதலில் கண்டது பள்ளிக்கூடப் புத்தகத்தில். சிவப்பு மணற்கல்லில் தானாக உருவான வளைவு. நாலைந்து மாடி உயரம். எல்லாரும் எரிமலை பற்றியும் பனிப்பாறை பற்றியும் கட்டுரை எழுத, இவள் அந்த ஒரு வளைவைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பிறகு அதன் படத்தைத் துண்டு துண்டாக ஒன்பது தாள்களில் அச்சடித்து, ஒட்டிச் சேர்த்து, கட்டிலுக்கு மேலே சுவரில் போட்டாள்.

"ஆர் கட்டினது?" என்று நான் கேட்டேன்.

"ஒருத்தரும் கட்டேல்லை அம்மா," என்றாள். மீதியை டெனிஷில் சொன்னாள். எங்களோடு அவள் தமிழில் தொடங்கி டெனிஷில் முடிப்பதுதான் வழக்கம். மழைத்தண்ணீர் கல்லின் வெடிப்புக்குள் இறங்குமாம். குளிரில் அது பனிக்கட்டியாகிக் கல்லைப் பிளக்குமாம். மென்மையான கல் உதிர்ந்து போக, உறுதியான கல் மட்டும் நிற்குமாம்.

"அப்ப உது விழாதோ?"

"விழும். ஒரு நாள் விழும். அதுக்கு முந்தி நான் பாக்கவேணும்."

ஏதோ அடுத்த கிழமையே விழப்போவது போல அவள் அதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். ஆனால் தை மாதத்தில் ஒரு நாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, யூலை விடுமுறைக்கு மூன்று விமானச் சீட்டுகளைப் பதிவு செய்துவிட்டார். மகள் வீட்டுக்குள் ஓடித் திரிந்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் தம்பி வன்னியிலிருந்து பேசியிருந்தான்.

தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். போர் நடந்த வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவனோடு. அந்தத் தொலைபேசியில் அவன் அதிகம் கதைக்கவில்லை. "அக்கா, நாங்கள் இடம் மாறுறம். போய்ச் சேந்திட்டு எடுக்கிறன்," என்றான். பின்னால் லொறி ஒன்றின் சத்தம் கேட்டது.

அவன் எடுக்கவில்லை. மாசியிலும் எடுக்கவில்லை, பங்குனியிலும் இல்லை. போரை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலங்களுக்கு நான்கு முறை பஸ்ஸில் போனேன். நான்கு முறையும் மகள் கூடவே வந்தாள். கடலுக்கு மேலே போகும் நீண்ட பாலத்தில் பஸ் ஓடும்போது அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நித்திரை கொள்வாள். நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். தம்பி இருக்கிறானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டோம். முகாம்களில் இருப்பவர்களின் பட்டியல் என்று வந்த எல்லாவற்றையும் கணவர் வரி வரியாகப் பார்த்தார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். சமைத்ததை அவர்கள் இருவரும் சாப்பிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, தோய்த்த உடுப்புகளை வைக்க மகளின் அறைக்குப் போனேன். கட்டிலுக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது. பசை ஒட்டிய இடங்களில் வெள்ளை வர்ணம் உரிந்திருந்தது.

"ஏன் பிள்ளை கழட்டினனீ?"

"நாங்கள் போகேல்லைத்தானே," என்றாள். இந்த முறை முழுவதும் தமிழில் சொன்னாள்.

"அப்பா சொன்னவரோ?"

"இல்லை. நானாத்தான்."

போவதில்லை என்று நான் ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. அவளாகவே என் முகத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறாள். ஒன்பது தாள்களையும் கவனமாகச் சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு, அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள். உடுப்புகளை அவள் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்போது நான் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சூளையிலிருந்து சின்னப் பணிஸ்கள் ஓடும் பட்டியில் வரிசையாக வரும். நெளிந்ததையும் கருகியதையும் எடுத்து எறிய வேண்டும். வேலைத்தளத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. நான் கொண்டுபோனேன். மேலங்கிக்குள்ளே, வயிற்றோடு சேர்த்து, சத்தம் வராமல் அதிர மட்டும் விட்டு வைத்திருப்பேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மனிதருக்கு அது தெரியும். அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

யூன் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குக் கிட்ட, அது அதிர்ந்தது. பட்டியை விட்டு இரண்டு அடி தள்ளி நின்று எடுத்தேன். தெரியாத பெண் குரல்.

"டென்மார்க் அக்காவோ கதைக்கிறியள்?"

"ஓம். ஆர்?"

"நான் வவுனியாவில இருந்து கதைக்கிறன். முகாமுக்கு என்ர ஆக்களைப் பாக்க வந்தனான். ஒருத்தர் இந்த நம்பரைத் தந்தவர். கம்பிக்கு அங்கால நிக்கிறார். போனைக் குடுக்கிறன், கெதியாக் கதையுங்கோ."

பிறகு ஏதோ உரசும் சத்தம். பிறகு அவன்.

"அக்கா."

கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அக்கா, நாங்கள் நாலு பேரும் இருக்கிறம். கேக்குதே? நாலு பேரும். மாமிதான் இல்லை. சின்னவனுக்குக் காலில காயம், மாறியிட்டுது. அக்கா, அழாதேங்கோ, நேரமில்லை. பிறகும் ஆரையும் பிடிச்சுக் கதைக்கிறன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. மாமி என்று அவன் சொன்னது தன் மனைவியின் தாயை.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்குப் பாதிதான் ஞாபகம். மற்றப் பாதியை என் பக்கத்தில் வேலை செய்த டெனிஷ் பெண்மணி பின்னர் பல தடவை நடித்தே காட்டியிருக்கிறார். அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த, பெரிய உடம்புக்காரி. நான் அவரது இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கி, தமிழில் ஏதேதோ சொன்னேனாம். யாருடைய கையோ இயந்திரத்துக்குள் போய்விட்டது என்று நினைத்து அவர் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டார். முழுப் பட்டியும் நின்றது. சூளையின் வாயில் பணிஸ்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. பொறுப்பாளர் ஓடி வந்தார். இருபது பேர் தலையில் வலைத் தொப்பியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு டெனிஷ் அப்போதுதான் வாய்க்கு வந்தது. "என் தம்பி உயிரோடு இருக்கிறான்," என்றேன்.

அந்தப் பெரிய உடம்புக்காரி என்னை இழுத்து அணைத்தார். அவருடைய மேலங்கியெல்லாம் மா. பொறுப்பாளர் நின்றுபோன பட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "வீட்டுக்குப் போய் உன் கணவருக்குச் சொல். இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்," என்றார். அடுத்த நாள் இடைவேளை அறையில் யாரோ செய்து கொண்டுவந்த கேக் ஒன்று இருந்தது. அதன் மேல் சின்ன டெனிஷ் கொடிகள் குத்தியிருந்தார்கள். இந்த நாட்டில் பிறந்தநாளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். கணவர் அடுப்பில் வைத்த தேத்தண்ணீர் வற்றிப் போனது. மகள் என்னிடம், "மாமா என்ன சொன்னவர், திருப்பிச் சொல்லுங்கோ," என்று நாலைந்து தரம் கேட்டாள். நானும் ஒவ்வொரு தரமும் சொன்னேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. விபோர்க் நகரத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். நானும் அவளும்தான் ஊர்வலங்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவளுடைய தங்கையைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. என் செய்தியை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் எடுத்துச் சொன்னபோது, அவள் "நல்லது. நீ பயப்படாமல் சந்தோஷமாய் இரு. நான் கோவிக்கமாட்டன்," என்றாள். அவளுடைய தங்கையைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது.

விமானச் சீட்டுகளைக் கணவர் இன்னும் ரத்துச் செய்யாமல்தான் வைத்திருந்தார். போவதா விடுவதா என்று அவர் கேட்கவில்லை. தம்பி கம்பிக்குள்ளே நிற்கும்போது நான் எப்படி உல்லாசப் பயணம் போவது? இரண்டாவது முறை அவன் பேசியபோது, கணவர் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி அவனிடமே சொல்லிவிட்டார். மறுபடி என்னிடம் தந்தபோது தம்பிக்குக் கோபம்.

"அக்கா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் வீட்டில இருந்தா எங்களை விடுவாங்களே? இஞ்ச நாங்கள் காலமை தண்ணிக்கு வரிசை, பின்னேரம் சாப்பாட்டுக்கு வரிசை. ஒருத்தராவது எங்கையாவது போங்கோ."

அலுமாரிக்கு மேலிருந்த சுருளை நானே எடுத்து, மகளின் மேசையில் வைத்தேன். அவள் ஓடிப் போய்ப் பயணப்பையை வெளியே இழுத்தாள்.

அமெரிக்காவில் விமானம் இறங்கிய நகரத்திலிருந்து காரில் நான்கு மணித்தியாலம் ஓடினோம். டென்மார்க்கில் எங்கள் யூட்லாண்டுப் பக்கம் காரில் போனால் வயல், மாட்டுத் தொழுவம், காற்றாலை, மறுபடி வயல். இங்கே நிலம் திடீரென்று சிவந்துவிட்டது. மலைகள் சிவப்பு, மண் சிவப்பு, வீதியோரத் தூசியும் சிவப்பு. மகள் முன் இருக்கையில் வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாறைக்கும் பெயரும் வயதும் சொல்லிக்கொண்டு வந்தாள். கணவர் காரை நிறுத்திக் கதவைத் திறந்த உடனே அனல் வந்து முகத்தில் அடித்தது. "இதெல்லோ வெய்யில்," என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இருபது வருடமாக டென்மார்க் கோடையைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர்.

பகலில் அந்தப் பாதையில் நடக்க முடியாது, அவ்வளவு சூடு என்று பூங்காவின் அலுவலர் சொன்னார். விடியும்போதே தொடங்கச் சொன்னார். ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர், பாண், கணவர் கிரின்ஸ்டெட்டிலிருந்து போத்தலில் அடைத்துக்கொண்டு வந்த சம்பல். இவற்றோடு அடுத்த நாள் காலை புறப்பட்டோம்.

முதலில் மணல் பாதை. பிறகு மரமோ புல்லோ இல்லாத வெறும் பாறைச் சரிவு. யானையின் முதுகில் ஏறுவது போல அதன் மேல் ஏற வேண்டும். வழி தவறாமல் இருக்க அங்கங்கே கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மகள் ஒரு கல்லடுக்கிலிருந்து அடுத்ததைக் கண்டுபிடித்து ஓடுவாள், நின்று எங்களைப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கால்கள் தாமாக நடந்தன. ஆறு மாதமாகச் சமையலறை மேசைக்கும் பட்டிக்கும் இடையில் இழுத்துத் திரிந்த கால்கள்தானா இவை என்று எனக்கே ஆச்சரியம்.

கடைசிப் பகுதியில் பாதை ஒரு பாறைச் சுவரின் விளிம்பில் போனது. ஒரு பக்கம் சுவர். மறு பக்கம் ஒன்றும் இல்லை. நாலு பேர் சேர்ந்து நடக்கும் அகலம் இருந்தாலும் கீழே பார்த்தால் அடி தெரியாது. அங்கேதான் நாங்கள் ஒரு புதிய விஷயத்தைக் கண்டுபிடித்தோம். என் கணவருக்கு உயரம் என்றால் பயம். யூட்லாண்டில் உயரம் என்று ஒன்று இல்லாதபடியால், கலியாணம் கட்டிப் பதினாறு வருடமாக இது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பத்து அடி வந்தவர் அப்படியே சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்னப்பா?"

"நீங்கள் போங்கோ. நான் இதில இருக்கிறன்."

"இவ்வளவு தூரம் வந்திட்டு?"

"இருக்கிறன் எண்டு சொன்னனெல்லோ. என்னைக் கதைக்கவிடாதை, தலை சுத்துது."

மகள் திரும்பி வந்தாள். தகப்பனுக்கு முன்னால் குந்தி இருந்தாள். டெனிஷில் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் சொல்லி முடித்திருப்பாள். ஆனால் தகப்பனுக்குப் பயத்தில் டெனிஷ் விளங்காது என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொல் தேடித் தேடிச் சொன்னாள். "அப்பா, கீழ பாக்கவேண்டாம். சுவரைப் பாருங்கோ. இந்தச் சுவர் முந்தி மணல். காத்துக் கொண்டு வந்து போட்ட மணல். இந்தக் கோடு எல்லாம் காத்து போன கோடு. ஒவ்வொரு கோடா எண்ணிக்கொண்டு வாங்கோ."

அவர் எழும்பவில்லை. ஆனால் இருந்த இருப்பிலேயே நகரத் தொடங்கினார். கைகளை ஊன்றி, பின்பக்கத்தை அரைத்து, கோடுகளை எண்ணிக்கொண்டு. நான் வெளிப்பக்கமாக நின்று, அவருக்குக் கீழே தெரியாமல் என் சேலைத்துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயிலுக்குத் தலையில் போடக் கொண்டுவந்த துண்டு அது. எதிரே வந்த வயதான அமெரிக்கத் தம்பதி ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அந்தப் பெண் என் கணவரிடம், தானும் போகும்போது இப்படித்தான் போனதாகச் சொன்னார். அது உண்மையோ பொய்யோ, அவருக்கு அது உதவியது. கடைசிப் பத்து அடியை எழும்பி நடந்தார்.

சுவர் முடிந்து பாதை திரும்பியது. நான் துண்டை மடித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன்.

வளைவு அங்கே நின்றது. பெரிய கல் வட்டிலைப் போலக் குழிந்த பாறையின் விளிம்பில், தனியாக, காலைச் சூரியன் பட்டு நெருப்பு நிறத்தில். படத்தில் நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் அதன் ஒரு கால் இவ்வளவு மெலிந்து தெரியவில்லை. இடுப்புப் போல ஒடுங்கிய ஒரு இடம், அதன் மேல் அத்தனை பாரம். அதற்கு அப்பால் தூரத்து மலைகளும் வானமும் தெரிந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மகள் ஓடவில்லை. அதுவரை ஓடி வந்தவள், அங்கே நின்றுவிட்டாள். பிறகு மெல்ல மெல்ல நடந்து போய், அந்த மெலிந்த காலில் உள்ளங்கையை வைத்தாள். "சூடு," என்று சத்தமாகச் சொன்னாள். "அம்மா, சூடாயிருக்கு. வந்து தொட்டுப் பாருங்கோ."

போய்த் தொட்டேன். காலை வெயிலில் கல் உண்மையாகவே சூடேறியிருந்தது. கையில் சிவப்பு மணல் ஒட்டியது. வளைவுக்குக் கீழே காற்று ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் பலமாகப் போனது. என் துண்டு கொடி மாதிரிப் பறந்தது. கணவர் தூரத்தில், விளிம்பே கண்ணில் படாத இடம் ஒன்றைத் தேடி இருந்துகொண்டு, எங்களைப் படம் பிடித்தார். பதினேழு படங்கள். பிறகு அங்கேயே பாணையும் சம்பலையும் பிரித்தார். வேறு நாட்டுக்காரர் இருவர் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து என்னவென்று கேட்டார்கள். கொடுத்தோம். அவர்கள் ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் குடித்து முடித்தார்கள்.

திரும்பும்போது கணவர் கோடுகளை எண்ணவில்லை. கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, மகளின் பையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கிரின்ஸ்டெட்டுக்கு வந்து நாலாம் நாள் தம்பி பேசினான். நான் தொலைபேசியை எடுக்க முன் மகள் எடுத்துவிட்டாள். அவள் முன்பு மாமனோடு கதைப்பதென்றால் "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிடுவாள். அன்று தரவில்லை.

"மாமா, நாங்கள் பாத்தம். கல்லில ஓட்டை. பெரிய ஓட்டை. வாசல் மாதிரி. ஆனா வீடு இல்லை, வாசல் மட்டும்."

அங்கே அவன் ஏதோ கேட்டான்.

"உயரமோ? பதினாறு மீற்றர். இல்லை, அப்பா தொடேல்லை. அப்பா எழும்பாமல் இருந்து இருந்து வந்தவர்."

தொலைபேசிக்குள்ளே தம்பி சிரிப்பது எனக்குத் தூர நின்றும் கேட்டது. கணவர் சமையலறையிலிருந்து, "அதை ஏன் இப்ப அவனுக்குச் சொல்லுறாய்?" என்று கத்தினார். பிறகு தம்பி, தன் மூத்த மகளைக் கூப்பிட்டுக் கதைக்க விட்டான். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. வளைவு எப்படி விழாமல் நிற்கிறது என்று அவள் கேட்டாள் போல. என் மகள் தண்ணீர், பனிக்கட்டி, வெடிப்பு என்று தொடங்கினாள். பனிக்கட்டிக்குத் தமிழில் அவள் "ஐஸ்" என்றாள், வெடிப்புக்குச் சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்தேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அவர்களை மார்கழியில் வெளியே விட்டார்கள். தம்பி மறுபடி படிப்பிக்கப் போனான். சின்னவனின் கால் கொஞ்சம் நொண்டும், ஆனால் பந்தடிப்பான். இரண்டு வருடம் கழித்து நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம். பஸ் நிலையத்தில் தம்பி நின்றான். தலை முழுவதும் நரைத்திருந்தது. என் மகளைப் பார்த்து, "இவ என்னைவிட வளந்திட்டா," என்றான். அவள் குனிந்து, அவன் தூக்கப் போன எங்கள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள்.